நலம் விசாரிப்பு

டாக்டரம்மா யாரையும் லேசில் சந்தேகப்படுகிறவர் அல்ல. மனநல மருத்துவம் பார்க்கிறவர்; எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வதை முதலில் நம்பிவிட்டுத்தான் மற்றதை யோசிப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை, நோயாளிகள் வரத் தொடங்குவதற்கு முன்பே வரவேற்பு மேசையிலிருந்து அக்காவை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்.

"நம்ம கிளினிக்ல எத்தனை பேர் பதிவாகியிருக்காங்கன்னு வெளியே யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. டாக்டரம்மா விளக்கினார். முந்தின நாள் அவருடைய சொந்த போனுக்கு ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். தேன் தடவிய குரல். உங்கள் கிளினிக்கில் நோயாளிகள் கூடிக்கொண்டே போகிறார்களே, கணினியில் இடம் தீரப்போகிறதே, இத்தனை பெரிய பொறுப்பை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும், எங்கள் சர்வருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொன்னார். எத்தனை டாக்டர்கள் உள்ளே நுழைந்து எழுதுகிறார்கள் என்றும் சொன்னார். கணினியில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைக்கூடச் சொன்னார்.

"நானே போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியா இருக்கு. அவருக்கு அது எப்படித் தெரியும்?"

போன் செய்தவர் எந்தக் கம்பெனி என்று அக்கா கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. கிளினிக் கணினியில் ஓடுகிற மென்பொருளுக்குச் சொந்தமான கம்பெனி ஒன்றுதான். அதை நடத்துவது அவள் உடன்பிறந்த தம்பி.

அக்கா என்பது அவள் பெயரல்ல. தம்பி கூப்பிட்டதைக் கேட்டு அவனோடு வேலை செய்தவர்கள் கூப்பிட்டார்கள், அவர்களைக் கேட்டு இணையத்தில் அந்த மென்பொருளைப் பற்றிக் கேள்வி கேட்க வந்தவர்கள் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட, "அக்கா, சர்வர் திறக்க மாட்டேங்குது" என்று எழுதுவார்கள். டாக்டரம்மாவின் கிளினிக்கில் வரவேற்பு மேசையும் கணினியும் அவள் பொறுப்பு. கணினியில் டிப்ளமோ முடித்தவள். வாய் கொஞ்சம் அதிகம், பொறுமை அதைவிட அதிகம்.

எல்லாம் தொடங்கியதே டாக்டரம்மாவின் பிடிவாதத்தில்தான். கட்டின கணவனிடம் சொல்லாததை, பெற்ற தாயிடம் சொல்லாததை ஜனங்கள் அவரிடம் சொல்கிறார்கள். அதை எங்கேயோ இருக்கிற எவனோ ஒருவனின் கணினியில் போட்டு வைக்க மாட்டேன் என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அப்போது சின்னவன் இருந்த வேலையை விட்டுவிட்டு, அக்கா வீட்டு ஹாலில் மல்லாந்து படுத்து மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தான். சின்னவன் என்பதுதான் வீட்டில் அவனுக்குப் பெயர். அக்கா அவனை எழுப்பி உட்கார வைத்து, ஒரு கிளினிக்குக்கு என்ன வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதினான். வராமல் போன நோயாளியின் பெயர் தனி நிறத்தில் தெரிய வேண்டும், அழுதுகொண்டே போனவரை அடுத்த நாள் விசாரிக்க நினைவூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவள் சொன்னது. சாமான் அறையில், துடைப்பத்துக்கும் வாளிக்கும் பக்கத்தில் ஒரு பழைய கணினியை வைத்து அதில் ஓட்டினார்கள். கதகதப்பாக இருக்கிறதே என்று நர்ஸ் அதன் தலையில் சாப்பாட்டு டப்பாவை வைப்பாள். அதைத் தவிர அதற்கு எந்தக் குறையும் வரவில்லை.

நன்றாக வேலை செய்ததும் சின்னவன் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், தங்கள் கணினியிலேயே வைத்து ஓட்டலாம். ஓசியில் கொடுத்தால் உனக்கு என்னடா கிடைக்கும் என்று அக்கா கேட்டாள். நல்ல பேர் கிடைக்கும் என்றான். அன்று அது உண்மையாகவே இருந்திருக்கலாம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் டாக்டர்கள் பார்ப்பார்கள். இலவசமாக வருகிற எதையும் நம்பாத ஜாதி அது. அவர்களை நம்ப வைத்தது அக்கா. லீவு நாட்களில் பஸ் ஏறிப் போய், சின்னச் சின்னக் கிளினிக்குகளின் அலமாரிகளில், மாடிப்படிக்கு அடியில், ஓரிடத்தில் பயன்படுத்தாத குளியலறையில் சர்வர் வைத்துக் கொடுத்தாள். எப்படி நிறுவுவது என்று விளக்கக் கையேடு எழுதினாள். "உங்கள் தகவல் உங்கள் வீட்டிலேயே இருக்கும்" என்பது அவள் வாயில் வந்த வாசகம்தான். சின்னவன் கம்பெனி ஆரம்பித்து, முதலீட்டாளர்கள் பணம் போட்டு, கண்ணாடி வைத்த அலுவலகம் எடுத்தபோது அந்த வாசகத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தான். அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது.

கம்பெனி என்றால் வருமானம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சொந்தமாக சர்வர் பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்குக் கம்பெனியே தன் சர்வரில் வைத்துக் கொடுக்கும், அதற்குக் கட்டணம் வாங்கும் என்று சின்னவன் சொன்னபோது, நியாயம்தானே என்றுதான் நினைத்தாள்.

இப்போது டாக்டரம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்தவள் சாமான் அறைக்குள் போனாள். அந்தக் கணினியிலிருந்து வெளியே என்னென்ன போகிறது என்று பார்க்க ஒரு வழி வைத்தாள். இரண்டு மூன்று நாள் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மேசையைக் கடக்கும்போது வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போனார். திங்கட்கிழமை காலை, கிளினிக் திறந்த சற்று நேரத்தில், கணினி யாரும் கேட்காமலே இணையத்தில் ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பேசியது. சின்னவனின் கம்பெனி முகவரி.

அக்கா நிரலைத் திறந்து தேடினாள். ஒளித்து வைக்கவே இல்லை. பட்டப்பகலில், எல்லோரும் படிக்கும்படி எழுதியிருந்தது. அந்தப் பகுதிக்கு "நலம் விசாரிப்பு" என்று பெயர். கணினி நலமா என்று பார்க்கிற மாதிரி தொடங்கி, கிளினிக்கின் பெயர், பொறுப்பாளரின் போன் எண், நோயாளிகள் எத்தனை, டாக்டர்கள் எத்தனை, இடம் எவ்வளவு மிச்சம் என்று வாரம் தவறாமல் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்த நிரலை யாருமே பார்த்திருக்கவில்லை. அவளும்தான். தம்பி எழுதியதை எதற்குப் பார்க்க வேண்டும்? அந்தப் பகுதி வந்த அப்டேட்டை ஒவ்வொரு கிளினிக்காகப் போய்ப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். போட்டுவிட்டு அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேல போற லிஃப்ட்டுக்கு கீழ நிக்கிறவங்க அமுக்குற பட்டன் கேக்காது" என்றார். வழக்கமாக அவர் ஜோக்குக்குச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சின்னவனின் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் இருந்த பெண் எழுந்து நின்று, "வாங்கக்கா" என்றாள். யாரோ ஒருவர் காபி கொண்டு வந்து வைத்தார். சின்னவன் அவளைக் கண்ணாடி அறைக்கு அழைத்துப்போய் எதிரில் உட்கார்ந்தான். கொஞ்சம் பூசினாற்போல இருந்தான். அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். அக்கா அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"நலம் விசாரிப்புன்னு பேர் வெச்சது யாருடா?"

அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதல் அடி. ஏதாவது வேலைக்காரன் தெரியாமல் செய்தது என்று சொல்லுவான், இவளும் திட்டிவிட்டு நம்பிவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதே ஒரு மூலையில் நினைத்து வைத்திருந்தாள்.

"எல்லாக் கம்பெனியும் பண்றதுதான்கா. நோயாளி பேர் ஒண்ணுகூடப் போகல. வெறும் எண்ணிக்கை."

"கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாங்க. அதனாலதான் கேக்கல."

அவன் குரலில் குத்தல் இல்லை. கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். சொந்த சர்வரில் வைத்திருப்பவர்கள் கம்பெனிக்கு ஒரு காசும் தருவதில்லை. முதலீடு போட்டவர்கள் கேட்கிற ஒரே கேள்வி, இலவசமாக வைத்திருப்பவர்களில் எத்தனை பேரைக் கட்டணத்துக்கு மாற்றலாம் என்பதுதான். யாருக்கு இடம் தீர்கிறது, யாருக்குச் சுமை கூடுகிறது என்று தெரிந்தால் சரியான நேரத்தில் போன் செய்யலாம். இலவசம் தூண்டில், தூண்டிலில் எது இழுக்கிறது என்று தெரியாமல் எப்படி மீன் பிடிப்பது?

தூண்டில் என்ற வார்த்தையை அவன் சொன்னதும் அக்காவுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. கேட்க வேண்டாம் என்று உள்ளே ஏதோ தடுத்தது. கேட்டுவிட்டாள்.

பேச வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற மையம் ஒன்று உண்டு. அதை நடத்துகிற பெண்மணி எந்தக் குழந்தை எந்த நாளில் எந்தச் சொல்லை முதலில் சொன்னது என்று ஒன்று விடாமல் கணினியில் எழுதி வைப்பார். முந்தின வருஷம் அவர் சர்வர் பழுதாகிப்போனது. நகலெடுத்து வைத்திருந்த பேக்கப்பைத் திரும்பப் போட்டபோது பாதியில் நின்றுபோனது. பல மாதத்து எழுத்து போயே போய்விட்டது. நிறைய எழுதி வைத்திருக்கிற இடங்களில் பேக்கப் பாதியில் நிற்கிற கோளாறு மென்பொருளில் இருந்தது. அதற்கு முன்பே முகம் தெரியாத யாரோ ஒருவர் அதைச் சரிசெய்து கம்பெனிக்கு அனுப்பியும் இருந்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று கம்பெனி பதில் போட்டது. அதற்குப் பிறகு அது அப்படியே கிடந்தது.

"அந்தத் திருத்தம் ஏன் இன்னும் சேரல?"

சின்னவன் காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தான்.

"முதல்ல வேணும்னு நிறுத்தலக்கா. வேலை ஜாஸ்தி. அப்புறம் பார்த்தா, நம்ம சர்வருக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பேக்கப்புக்குப் பயந்துதான் வர்றாங்க. அது சுலபமாயிட்டா ஏன் வரப்போறாங்க?"

"நான் அந்தம்மா முன்னாடி போய்க் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன்டா. நான்தான் சரியா வெக்கல, என் தப்புன்னு சொன்னேன்."

"தெரியும்கா. நீ அப்படிச் சொன்னதாலதான் அவங்க கோவிச்சுக்காம நம்ம சர்வருக்கே வந்தாங்க."

அக்கா வெளியே பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே யாரோ ஒரு பையன் கேக் வெட்டிக்கொண்டிருந்தான். நான்கைந்து பேர் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் இவளைப் பார்த்துத் தலையசைத்தார். இவளும் தலையசைத்தாள்.

சின்னவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவளைச் சமாதானப்படுத்துகிற எண்ணத்தில்தான் அவன் அடுத்ததைச் சொன்னான். அவன் கெட்டவனாக இருந்து சொல்லியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

"நம்மள யாரும் விளம்பரம் பார்த்து நம்பலக்கா. அக்கா சொன்னாங்கன்னு நம்பினாங்க. பணம் போட்டவங்ககிட்ட நான் முதல்ல காட்டினதே அதைத்தான். நீ இல்லாம இந்தக் கம்பெனி இல்ல. இங்கயே வந்துடு, நல்ல பதவி போட்டுத் தர்றேன். செய்யறதையே சம்பளத்தோட செய்."

அவளுடைய லீவு நாட்கள், பஸ் பயணம், அலமாரிக்குள் தலையை விட்டு ஒயர் மாட்டியது, ராப்பகலாய் எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் அவன் ஒரு மேசையில் பரப்பிக் காட்டி விலை பேசியிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தாள். காபியைக் குடிக்கவில்லை. லிஃப்ட் வரை அவன் கூடவே வந்தான். அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றான்.

அம்மாவிடம் அவனே சொல்லியிருந்தான். அன்று சாயங்காலமே அம்மா போன் செய்து, பேர் ஒன்றும் போகவில்லையாமே, பிறகென்ன என்று கேட்டாள். எத்தனை குடும்பம் அவனால் சாப்பிடுகிறது, கூடப் பிறந்தவளே அவன் காலில் கல்லைக் கட்டலாமா என்றாள்.

"அவன் திருடியிருந்தா பரவாயில்லைம்மா. என் கையால எடுக்க வெச்சான்" என்றாள் அக்கா.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஒருகாலத்தில் இதே அம்மாதான் சொல்லுவாள். இப்போது அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

டாக்டரம்மாவிடம் அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நோயாளியிடம் கேட்பது போலக் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், நீ எனக்குப் பொய் சொல்லவில்லை என்பது தெரியும் என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்வாரோ என்று பயந்திருந்தவளுக்கு அதைக் கேட்டு மூச்சு வந்தது. ஆனால் வார இறுதியில் அவர் அறைக்கு ஒரு இரும்பு அலமாரி வந்தது. நோயாளிகள் சொல்வதை இனிமேல் காகிதத்தில், தன் கையால் எழுதிக்கொள்வதாக டாக்டரம்மா சொன்னார். கணினியில் அவர்கள் வருகிற நேரம் மட்டும் இருக்கட்டும். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் மேல் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதனால்தான் அன்று சாமான் அறையில் போய் நின்று அழுதாள்; நர்ஸ் வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஒன்றும் பார்க்காதவள் போலப் போனாள்.

அழுது முடித்தவள் வேலையைத் தொடங்கினாள். திறந்து வைத்த நிரல் என்பதால் அதை எடுத்துத் தனியாகப் பிரித்து நடத்த யாருக்கும் உரிமை உண்டு. அக்கா எடுத்தாள். நலம் விசாரிப்பைப் பிடுங்கி எறிந்தாள். கம்பெனி கிடப்பில் போட்ட பேக்கப் திருத்தத்தை அனுப்பிய மனிதரைத் தேடிப் பிடித்து, அவரையும் சேர்த்துக்கொண்டு அதை உள்ளே வைத்தாள். புதுப் பெயர் வைத்து வெளியிட்டாள். பிறகு கிளினிக் கிளினிக்காகப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

எல்லோரும் அவள் பின்னால் வந்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. சிலர் வந்தார்கள். சிலர், எண்ணிக்கைதானே, போகட்டும் என்றார்கள். அக்காளும் தம்பியும் அடித்துக்கொள்கிறீர்கள், நாளைக்குக் கூடிக்கொள்வீர்கள், நடுவில் எங்களை ஏன் இழுக்கிறீர்கள் என்று காது டாக்டர் ஒருவர் சிரித்தார். பேச்சுப் பயிற்சி மையத்துப் பெண்மணி மட்டும், "அப்போ அந்தப் பிள்ளைங்க சொன்னதெல்லாம் தொலையாம இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் அக்கா. அவர் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து இன்னொன்றும் நடந்தது. பேக்கப் திருத்தம் அனுப்பிய அந்தக் கூட்டாளியோடு அவள் சேர்ந்து, கண் பார்வை குறைந்தவர்கள் தாங்களே வரும் நேரத்தைப் பதிவு செய்துகொள்ளும்படி ஒரு வசதியை எழுதினாள். மிகவும் பிரயாசைப்பட்டு எழுதியது. அது வெளிவந்த சூட்டோடு சின்னவனின் கம்பெனி அதை எடுத்துத் தன் கட்டணச் சேவையில் சேர்த்துக்கொண்டது. தடுக்க முடியாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற உரிமத்தில் தம்பியைத் தவிர என்று எழுத இடமில்லை. கூட்டாளி கொதித்தார். அக்கா, அவனுடைய கிளினிக்குகளுக்கு வருகிறவர்களிலும் கண் தெரியாதவர்கள் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, அன்று முழுக்க ஒரு வரி எழுதவும் ஓடவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு பல் டாக்டர் கூப்பிட்டிருந்தார். பழையதை எடுத்துவிட்டு அவளுடையதை வைக்க வேண்டும். வயதானவர், தனி ஆள். மாடிப்படிக்கு அடியில் அவர் சர்வர் இருந்தது. உட்கார்ந்தால் தலை இடிக்கும். அக்கா குனிந்து உள்ளே போகும்போது அவர் பின்னால் நின்று, மனதில் பட்டதைக் கேட்டார்.

"தப்பா நினைக்காதேம்மா. அன்னைக்கும் நீதான் வந்து வெச்சுக் குடுத்தே. இன்னைக்கும் நீதான் வர்றே. இதை எப்படி நம்புறது?"

அவள் வெளியே வந்து, ஒரு முக்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டாள்.

"நம்ப வேண்டாம் டாக்டர். உக்காருங்க. இதுலேர்ந்து வெளியே என்னென்ன போகுதுன்னு எப்படிப் பாக்கிறதுன்னு காட்டறேன். வாராவாரம் நீங்களே பாருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கொஞ்ச நேரம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். பிறகு கொட்டாவி வந்தது. வாசலில் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு நோயாளி வந்து நிற்கவும், தப்பித்தோம் என்கிற மாதிரி முக்காலியை விட்டு எழுந்தார்.

"எனக்கு இதெல்லாம் ஏறாதும்மா. நீ பாத்துக்கோ" என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார்.

முன்பெல்லாம் அந்த வார்த்தையைக் கேட்டால் அக்காவுக்கு உச்சி குளிரும். இப்போது விசைக்குப் போன கையை எடுத்துக்கொண்டாள்.

"டாக்டர்" என்று கூப்பிட்டாள். "அவரைப் பாத்துட்டு வாங்க. நான் காத்திருக்கேன். நீங்க வந்து பாக்காம இதை நான் ஆன் பண்ண மாட்டேன்."

பல் டாக்டர் திரும்பி, இதென்ன பெரிய தொல்லையாகப் போயிற்று என்பதுபோல அவளைப் பார்த்தார். நோயாளி முனகினார். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அக்கா முக்காலியைத் துடைத்துவிட்டு, படிக்கு அடியில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.